ஆறடித் தூது

"அப்பாகிட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு."

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் நடுவே ஆறடி இருக்கும். அம்மா சொன்னது அப்பாவின் காதில் தெளிவாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் எழுந்து அந்த ஆறடியை நடந்து, அப்பாவின் முன்னால் நின்று, "அப்பா, அரிசி தீந்துபோச்சாம்" என்று சொல்ல வேண்டும். "உங்கம்மாகிட்ட சொல்லு, சம்பளம் வரட்டும்னு" என்பார். அதையும் அம்மா கேட்டிருப்பாள். நான் திரும்பி நடப்பேன்.

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஒரு கூடமும் ஓர் அறையும் அடுப்படியும் கொண்டது. அப்பா ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். 1981 தொடங்கி 1985 வரை, என் ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை, அந்த வீட்டில் என் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் நேராகப் பேசிக்கொண்டது அநேகமாக இல்லை. பேசியபோதெல்லாம் அது சண்டையில் முடிந்தது. சண்டை ஓய்ந்ததும் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்ற நாட்களில் வீட்டுக்கு நான்தான் வாய்.

தூது போகிறவளுக்குச் சீக்கிரமே ஒரு வித்தை கைவந்துவிடுகிறது. கேட்டதை அப்படியே சொல்லக் கூடாது என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது. "அந்த மனுஷனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டச் சொல்லு" என்று அம்மா சொன்னால், நடக்கிற ஆறடிக்குள் முன்பாதியை வெட்டிவிட்டு, "அப்பா, ஸ்கூல்ல பணம் கட்டணும்" என்பதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அப்பாவின் பதிலிலும் முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பேன். அவர்கள் இருவருக்கும் மூலம் கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் என் வாயிலிருந்து வரும்போதாவது அது நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் எனக்குப் 'பொறுப்பான பொண்ணு' என்று பெயர் கிடைத்தது.

பொன்மலையில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1920களின் பிற்பகுதியில் இங்கே வந்ததிலிருந்து அந்தச் சங்குதான் காலனியின் பொழுது. சாயங்காலச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வாசலில் இருந்து ஆறு போலப் பெருகி வரும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே வயிற்றைப் பிசையும். தொப்புளைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்கினாற்போல வலிக்கும். டாக்டர் அழுத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாத வேளையிலும் அந்த வலி நேரம் தவறாமல் வந்தது.

என் அப்பா குடிப்பவர் இல்லை. அம்மாவைக் கைநீட்டி அடித்தவரும் இல்லை. அத்தையின் கல்யாணத்துக்காக அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின, திரும்பி வரவில்லை, அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்று அம்மாச்சி சொல்வார். அப்பாவிடம் கேட்டால் வேறொரு தொடக்கத்தைச் சொன்னார். இரண்டையும் பலமுறை கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் என்னால் ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இருவரும் தனித்தனியே நல்லவர்கள். ஒரு கூரையின் கீழ் இருவராலும் நல்லவர்களாக இருக்க முடியவில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பஞ்சாயத்து நடக்கும். பெரியப்பாவும் மாமாவும் வந்து கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். காபி ஆறும். கடைசியில் யாராவது ஒருவர், "இந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்தாவது ஒத்துமையா இருங்க" என்பார். உடனே எல்லோரும் திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் தம்பியும் சுவரோரம் நிற்போம். அந்தப் பார்வையைத் தாங்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. என் முகம் சரியாக இருந்தால் வீடு நிற்கும், இல்லாவிட்டால் விழும் என்று தோன்றும். அவர்கள் போன பிறகு அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்காகத்தான் இந்த வீட்ல இருக்கேன்" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ, அம்மா படும் பாட்டுக்கெல்லாம் நான்தான் காரணம் என்று அதற்குப் பொருளாகிவிட்டது. முதல் ரேங்க் வாங்கினேன். தம்பி அழுதால் வாயைப் பொத்தினேன். ராத்திரி இரண்டு மூச்சுச் சத்தமும் சீராகக் கேட்கும்வரை தூங்கமாட்டேன்.

1985 கோடை விடுமுறையில் அம்மாச்சியின் ஊரான பூதலூருக்குப் போனோம். வழக்கமாகப் போவதுதான். அப்பாவின் ரயில்வே பாஸில் எங்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும். பொன்மலையில் பாசஞ்சர் ஏறினால் திருவெறும்பூர், சோளகம்பட்டி எல்லாம் தாண்டிப் பூதலூர். அந்த முறை அம்மா இரும்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். அப்பா அதைத் தூக்கி ரயிலில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நாங்கள் திரும்பிப் போகவில்லை.

இனிமேல் எழுதப் போவதைச் சொல்ல எனக்குப் பல வருஷங்கள் ஆகின. அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் படுத்த அந்தக் கோடையில் நான் தூங்கினேன். விடிந்து வெயில் முகத்தில் படும்வரை தூங்கினேன். ஒரு மாதத்துக்குள் வயிற்றுவலி நின்றுவிட்டது. புது ஆற்றில் குளித்தேன். மாமரத்தில் ஏறினேன். யாருக்கும் எதையும் கொண்டுபோய்ச் சொல்லத் தேவையில்லாத வாழ்க்கை எனக்குச் சர்க்கரையாக இனித்தது. அப்பாவைப் பிரிந்ததற்கு நான் அழவில்லை. அழாததற்காகத்தான் பிற்பாடு அழுதேன். இப்படியும் ஒரு மகள் இருப்பாளா என்று என்னையே வெறுத்தேன்.

தம்பிக்கு நடந்தது வேறு. அவனுக்கு அப்போது ஐந்து வயது. தூது போகிற வயது அவனுக்கு இன்னும் வரவில்லை. வீட்டின் மௌனத்தை அவன் மௌனமாகவே உணர்ந்ததில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போகிற அப்பா. அந்த அப்பா ஒருநாள் இல்லாமல் போனார். சாயங்காலப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு அவன் வாசற்படியில் போய் நிற்பான். வண்டி போன பிறகும் நிற்பான். நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. அம்மாச்சி மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். ஒருநாள் ராத்திரி போர்வைக்குள்ளிருந்து, "அக்கா, ரேடியோ திருகாணியை நான்தான் ஒடச்சேன், அதான அப்பா வரல?" என்று கேட்டான். பெரியவர்கள் காரணம் சொல்லாதபோது குழந்தை தனக்குத் தெரிந்த குற்றம் ஒன்றைத் தேடி எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா" என்று அவனிடம் யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒரே பிரிவு. ஒரே வண்டியில் ஏறி ஒரே வீட்டில் இறங்கினோம். எனக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. அவனுக்கு மூச்சை நிறுத்தியது.

பிரிவு எதையும் இலவசமாகத் தரவில்லை. அப்பா மாதம் 300 ரூபாய் மணியார்டர் அனுப்பினார். சில மாதங்கள் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தக் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஜீவனாம்சமாக மொத்தத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல முடியாது. 2001இல்தான் அந்த உச்சவரம்பு நீங்கியது. அம்மா கோர்ட் வேண்டாம் என்றாள். தையல் மிஷின் வாங்கினாள். ஊரில் அவளுக்கு 'வாழாவெட்டி' என்று பெயர். அந்தச் சொல்லை என் காதுபடச் சொன்னவர்கள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தவர்கள்தான். என் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. பக்கத்தில் நின்று வளர்க்கிறவள் பின்னால்தான் வர வேண்டியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தாயாகக் கையெழுத்திட்டபோது இதே தடை வந்து, அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது எனக்கு 25 வயது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இப்ப சொல்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.

தம்பியை மீட்டது தாயத்து இல்லை. மாமாவுக்கு அப்பா ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினார். சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார். அம்மா ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றாள். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, காலைப் பாசஞ்சரில் அப்பா வருவார். வீட்டுக்குள் வரமாட்டார். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவோம். பிளாட்பாரத்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த பூந்தியைத் தின்போம். தம்பி நோட்டைத் திறந்து கணக்குக் காட்டுவான். சாயங்கால வண்டியில் போய்விடுவார்.

அம்மாச்சி வீட்டில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் இருந்தது. அதைக் கிழிக்கிற உரிமையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கு இன்னும் எத்தனை தாள் என்று விரலால் எண்ணுவான். நாலைந்து மாதத்தில் படுக்கை காய்ந்தது. வாசற்படியில் நிற்பதும் நின்றது. அப்பா வருஷத்தில் எத்தனை நாள் எங்களோடு இருந்தார் என்று கூட்டினால் இரண்டு வாரம்கூடத் தேறாது. ஆனால் வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்தார். குழந்தை பிடித்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த ஞாயிறுகளில் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா எதையும் துருவ மாட்டாள். "என்ன சொன்னார்?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் கேட்காமல் இருந்தது எனக்குச் செய்த பேருபகாரம்.

1987இல் எனக்குச் சடங்கு சுற்றினார்கள். மாமா பந்தல் போட்டார். என்னைப் பட்டுப்புடவை கட்டி உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே பந்தற்கால் தெரிந்தது. அங்கே அப்பா நின்றிருந்தார். கையில் ஒரு தட்டு, அதில் பூ, பழம், எனக்கு ஒரு கைக்கடிகாரம். சொந்த மகளின் விசேஷத்துக்கு விருந்தாளியைப் போல வந்திருந்தார். யாரும் அவரைப் பார்க்காதது போல நடமாடினார்கள். அம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போனாள். என் கால்கள் எழத் தயாராகின. அம்மா என்ன சொல்லப் போகிறாள், அதை எப்படி மாற்றி அப்பாவிடம் சொல்வது என்று மனம் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது.

"சாப்ட்டீங்களா?" என்றாள் அம்மா.

"இனிமேத்தான்" என்றார் அப்பா.

"அடுத்த பந்தில உக்காருங்க. பாயசம் இருக்கு."

அவ்வளவுதான். நான் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டார்கள். நாலைந்து வருஷமாக ஆறடியில் முடியாதது, முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி வாழத் தொடங்கிய பிறகு முடிந்தது. எழப் பார்த்த கால்களை மடக்கிக்கொண்டு நான் அந்த மணையில் உட்கார்ந்தேன். சுற்றியிருந்த பெண்கள் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். என் கண்ணில் நீர் வந்தது வேறு காரணத்துக்காக.

அவர்கள் மறுபடி சேரவில்லை. விவாகரத்தும் வாங்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் விவாகரத்தானவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்றது. பிரிந்து வாழ்கிறவர்கள் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த எண்ணிக்கையில் என் அப்பாவும் அம்மாவும் இரண்டு பேர். அவர்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

நான் ஆசிரியையான பிறகு குழந்தைகளின் மனதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன் 1971 முதல், பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்து பார்த்தார். பிரிவின் காயம் பெரியவர்களான பிறகும், அவர்கள் தங்களுக்கென ஒரு துணையைத் தேடும் வயதில் மீண்டும் தலைதூக்குகிறது என்று எழுதினார். படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளரின் நூல் கிடைத்தது. சுமார் 1,400 குடும்பங்களைப் பார்த்த அவர், பிரிந்தவர்களின் பிள்ளைகளில் நால்வரில் மூவர் காலப்போக்கில் நன்றாகவே நிலைபெற்றுவிடுகிறார்கள் என்றார். பால் அமேட்டோவும் ஆலன் பூத்தும் 1997இல் எழுதியதில்தான் எங்கள் வீடு எனக்குப் புரிந்தது. ஓயாத சண்டை நடந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் தேறினார்கள். சண்டை வெளியே தெரியாத வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் நொறுங்கினார்கள். நானும் என் தம்பியும் அந்த இரு வகைப் பிள்ளைகள். ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தாலும், நான் வாழ்ந்தது சண்டை வீடு, அவன் வாழ்ந்தது அமைதியான வீடு. அது அமெரிக்கக் கணக்கு, அம்மாச்சியும் மாமாவும் திண்ணையும் அதில் இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் கதை வேறாகியிருக்கும்.

எங்கள் பள்ளிக்கு ஒரு தாய் வந்தார். மகன் ஏழாம் வகுப்பு. அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டுக்கு லீவு கேட்பவன் இல்லை அவன். பள்ளி விடுகிற நேரத்தில்தான் அவனுக்கு வயிறு வலிக்கும். மணி அடித்த பிறகும் பையை மெதுவாக அடுக்குவான். அந்தத் தாய் சொன்னார்: "புள்ளைக்காகத்தான் டீச்சர் பொறுத்துப் போறேன்." பிரிந்துவிடுங்கள் என்றோ சேர்ந்து இருங்கள் என்றோ நான் சொல்லவில்லை. அடி உதை இருக்கும் வீடு என்றால் பிள்ளையோடு வெளியேறச் சொல்லியிருப்பேன். அது அப்படிப்பட்ட வீடு இல்லை. அவரிடம் இரண்டே இரண்டுதான் கேட்டுக்கொண்டேன். 'உனக்காகத்தான்' என்று அவனிடம் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதை அவன் வழியாகச் சொல்லாதீர்கள். அவர் தலைகுனிந்து சற்று நேரம் இருந்துவிட்டு, "அவன்தான் டீச்சர் எங்களுக்குள்ள எல்லாம்" என்றார்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது எனக்கும் என் கணவருக்கும் ஒரு மனஸ்தாபம். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் இருந்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "அப்பாகிட்ட சொல்லு, தோசை ஆறுதுன்னு."

மகன் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். முகத்தைச் சரிசெய்துகொண்டான். அந்த வயதில் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. மூன்றே நாளில் அவனுக்கு அது வந்துவிட்டிருந்தது.

"நீ உக்காருப்பா" என்றேன். அடுப்பை அணைத்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு நடந்தேன். எங்கள் வீட்டிலும் அது ஆறடிதான் இருக்கும். போய் அவர் முன்னால் நின்றேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. கோபம் தீர்ந்திருக்கவும் இல்லை.

"சாப்பிட வாங்க" என்றேன்.

பின்னால் புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.